நாகம்மாள் போட்ட கணக்கு

சென்ற கோடையில் கோயம்புத்தூர் ஆர். எஸ். புரத்தில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முப்பது பேர் வந்திருப்பார்கள். எல்லோரும் கையில் புத்தகத்தோடு, ஓரங்களில் பென்சில் கோடுகளோடு வந்திருந்ததைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. எடுத்துக்கொண்ட நூல் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'.

பாங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார். விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்து மனிதர்களை எடை போடக் கற்றவர் அவர். அவருடைய அபிப்பிராயம் சுருக்கமானது. "நாகம்மா உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுத்தாளுங்க. ஆற அமர உக்காந்து யோசிச்சிருந்தா சின்னப்பன் உசுரோட இருந்திருப்பான். அவளுக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்லாம இருந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இதுதானுங்க இந்தக் கதையோட நீதி."

கூட்டம் ஆமோதித்தது. கடைசியில் பேச வேண்டிய நான் கொங்கு வழக்கின் அழகைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது தவறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை. சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் பல்லடம் தாண்டும் வரையில், ஏன் வாய் வரவில்லை என்பதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஷண்முகசுந்தரம் 1917-ல் தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் பிறந்தவர். 'நாகம்மாள்' 1942-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்வது இதைத்தான். 'அறுவடை', 'சட்டி சுட்டது' முதலிய நாவல்களை அவர் பின்னால் எழுதினார். வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி'யையும் தமிழுக்குத் தந்தார். ஆனாலும் அவர் பேரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருகிறவள் நாகம்மாள்தான்.

கதை சிறியது. நாகம்மாள் கணவனை இழந்தவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோருடன் ஒரே வீட்டில், பாகம் பிரியாத நிலத்தை நம்பி வாழ்கிறாள். சின்னப்பன் உழைப்பாளி, யார் வம்புக்கும் போகாதவன். ராமாயியும் நல்லவளே. கெட்டியப்பன் என்ற ஊர்ப் போக்கிரியோடு நாகம்மாளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. அவனும், சின்னப்பன்மேல் பொருமல் கொண்ட ஊர்ப் பெரிய மனிதர் சிலரும், "உன் பங்கைக் கேள்" என்று தூபம் போடுகிறார்கள். மகளையும் மருமகனையும் தங்கள் ஊருக்கே அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ராமாயியின் தாய் வீட்டில் இருக்கிறது. அந்தச் செய்தி நாகம்மாளுக்கு எட்டுகிறது. பங்கு கேட்கிறாள். சச்சரவு வளர்கிறது. முடிவில் நிலத்திலேயே கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாகிறான்.

இதைப் படித்துவிட்டு நம் பாங்கிப் பெரியவர் சொன்ன முடிவுக்கு வருவது சுலபம். ஆனால் ஒரு விமர்சகன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பங்கு கேட்பது என்று நாகம்மாள் தீர்மானித்த அன்று அவளுக்கு என்னென்ன தெரியும்? என்னென்ன தெரியாது?

நிலத்தை விற்றுவிட்டுச் சின்னப்பன் மாமியார் ஊருக்குப் போய்விடுவானா? அவளுக்குத் தெரியாது; அவளிடம் யாரும் சொல்லவில்லை. போனால் தன்னையும் குழந்தையையும் கூட்டிப் போவானா? தெரியாது. கெட்டியப்பன் தன் நன்மைக்காகப் பேசுகிறானா, தன் காரியத்துக்காகப் பேசுகிறானா? அதுவும் தெரியாது. சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்கு இருந்த உரிமையை, ஆயுள் காலம் வரை அனுபவிக்கும்படியாக, அவன் விதவைக்கு அது கொடுத்தது. பாகம் பிரித்துக் கேட்கும் உரிமையையும் கொடுத்தது. ஆனால் விவசாய நிலத்தைப் பற்றிச் சட்டம் செய்வது மாகாணங்களின் அதிகாரம் என்றும், ஆகவே இந்தச் சட்டம் அத்தகைய நிலத்துக்குச் செல்லாது என்றும் 1941-ல் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் விரித்தது 1947-ல்தான். விதவைக்கு முழு உரிமை கிடைத்தது 1956-ம் வருஷச் சட்டத்தால். நாவல் வந்த 1942 இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டுச் சொத்தில் உரிமை உண்டு, காட்டிலும் தோட்டத்திலும் இல்லை என்று ஒரு விதவை தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவள் கோர்ட்டுக் கட்டிடத்துக்குள்ளேயே குடியிருந்திருக்க வேண்டும். கூலிக்கு மனு எழுதுகிறவர்களுக்கே குழப்பம். நாகம்மாள் ஆற அமர யோசிப்பதற்கு எதை வைத்து யோசிப்பாள்?

பிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921-ல் ஒரு வித்தியாசத்தை எடுத்துக் காட்டினார். பகடை உருட்டுகிறவனுக்கு எந்த எண் விழும் என்று தெரியாது. ஆறில் ஒன்று விழும் என்று தெரியும். அது ஒரு வகை. எத்தனை முகங்கள் என்பதே தெரியாத பகடை இன்னொரு வகை. முதலாவதற்குக் கணக்கு உதவும். இரண்டாவதற்குக் கணக்கே கிடையாது. கிராமத்து விதவையின் கையிலிருந்தது இரண்டாவது பகடை. பாங்கியிலிருந்தவருக்கு முதல் வகைதான் பழக்கம்.

அப்படியானால் இரண்டாவது பகடையை உருட்டுகிறவர்கள் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? உணர்ச்சியைக் கொண்டுதான். வேறு கருவி கையில் இல்லை. இதை நான் உணர்ச்சிக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. நான் கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்தவன். மனோதத்துவம் பாடமாகப் படித்ததில்லை. ஆனால் அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பு மருத்துவர் 1994-ல் எழுதிய புத்தகத்தைப் படித்திருக்கிறேன். மூளையின் முன்பக்கத்தில் ஒரு பகுதி கெட்டுப்போன நோயாளிகளைப் பற்றி அவர் எழுதுகிறார். அவர்களுக்கு அறிவு குறையவில்லை, ஞாபகம் குறையவில்லை, தர்க்கம் குறையவில்லை. உணர்ச்சிதான் வற்றிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொன்னபோது, எது நல்லது என்று ஏறக்குறைய அரைமணி நேரம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனாராம். தீர்மானிக்கவே முடியவில்லை. பயமோ ஆசையோ ஒரு பக்கம் இழுக்காவிட்டால் தராசு எந்தப் பக்கமும் சாயாது போலிருக்கிறது.

ஆகவே, உணர்ச்சியே இல்லாத நாகம்மாள் அறிவாளி நாகம்மாளாக இருந்திருக்க மாட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து, யாராவது தன் கதியைத் தீர்மானிக்கும் வரையில் காத்துக்கொண்டிருந்திருப்பாள். அப்போது நாம் அவளைப் பொறுமைசாலி என்று புகழ்ந்திருப்போம்.

ஆனால் உணர்ச்சி என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடக் கூடாது. ஷண்முகசுந்தரத்தின் பெருமை அவர் அப்படிக் கட்டாததில் இருக்கிறது. நாவலைக் கூர்ந்து படித்தால் நாகம்மாளின் மனசில் இரண்டு தனித்தனி உணர்ச்சிகள் இருப்பது தெரியும். வீட்டில் இருக்கும்போது அவளை ஆட்டுவது பயம். நாளைக்கு என்ன ஆகும், குழந்தை யார் வாசலில் நிற்கும் என்கிற பயம். கெட்டியப்பனிடம் போனவுடன் அந்தப் பயம் கோபமாக மாறுகிறது.

இந்த மாற்றம்தான் நாவலின் முடிச்சு. லெர்னர், கெல்ட்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு விளக்கம் கிடைத்தது. பயந்தவனுக்கு எந்த ஆபத்தும் பெரிதாகத் தெரியும். கோபக்காரனுக்கு அதே ஆபத்து சிறிதாகத் தெரியும். கோபம் ஒரு நிச்சயத்தைக் கொடுத்துவிடுகிறது. யார் குற்றவாளி என்பது முடிவாகிவிட்டது. இனி விசாரிக்க என்ன இருக்கிறது? பயந்தவள் நாலு பேரை விசாரிப்பாள். கோபம் வந்தவள் விசாரிக்க மாட்டாள். கெட்டியப்பன் நாகம்மாளுக்குச் செய்த பெரிய கெடுதல் பங்கு கேட்கச் சொன்னதல்ல. அவளுடைய நியாயமான பயத்தை வாங்கிக்கொண்டு கோபத்தை மாற்றிக் கொடுத்தான், அதுதான் கெடுதல்.

'பேராசைக்காரி' என்று அவளுக்கு ஒரு பட்டமும் உண்டு. அன்றைய கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். இதுவும் கணக்கைத் தலைகீழாகப் படிப்பதால் வருவது. நூறு ரூபாய் கிடைப்பதில் உள்ள சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைவதில் உள்ள வேதனை மனிதனுக்கு அதிகம் என்று 1979-ல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இருவர் எழுதினார்கள். நம் பாட்டிமார் அறிந்த விஷயந்தான். பங்கு நாகம்மாளுக்கு லாபம் என்று நினைத்துப் படித்தால் அவள் பேராசைக்காரி. இருப்பதும் கையை விட்டுப் போகிறது என்ற நினைப்போடு இருக்கிறாள் என்று படியுங்கள். அதே பக்கங்கள், அதே வார்த்தைகள், வேறொரு பெண் தெரிவாள்.

சின்னப்பனையும் விட்டுவிடுவதற்கில்லை. அவன் சாது என்பதால் அறிவாலேயே நடக்கிறவன் என்று எண்ணிவிடுகிறோம். பூமியைப் பிரித்தால் குடும்பம் பிரிந்தது என்று ஊர் பேசுமே என்ற கூச்சம், மண்ணின்மேல் உள்ள பாசம், 'நான்தானே உழைக்கிறேன்' என்ற உள்ளடங்கிய கர்வம்—இவைதான் அவனுடைய மறுப்பின் அடியில் இருப்பவை. சத்தம் போடாத உணர்ச்சியை நாம் அறிவு என்று அழைத்துவிடுகிறோம். அவன் ஒரு நாள் அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விற்கிற எண்ணம் உண்டா இல்லையா என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் கெட்டியப்பனுக்கு வேலை இருந்திருக்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தத் தகுதிதான் அன்று கூட்டத்தில் என் வாயை அடைத்தது.

காங்கயத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் பூமி உண்டு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடும், ஒரு கிணற்றுத் தோட்டமும். அண்ணன் காலமான பிறகு நானும் அண்ணியும் பாகம் பிரியாமல்தான் இருந்தோம். கிணறு வற்றியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டு வந்து ஆழ்குழாய்க் கிணறு போட்டேன். புழுதி பறந்தது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்து இன்னோர் இடத்தில் போட்டேன். அங்கும் புழுதிதான். மூன்றாவதற்குப் பணமில்லை. பூமியை அடமானம் வைத்துக் கடன் வாங்கத் தீர்மானித்து, அண்ணியிடம் கையெழுத்துக் கேட்டேன்.

அண்ணி காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. "ரெண்டு தடவை தண்ணி வரலீங்க தம்பி. மூணாவதும் வராட்டி எம் புள்ளைக்கு என்னங்க இருக்கும்? எனக்குப் பயமா இருக்குது. என் பங்கைப் பிரிச்சுப்போடுங்க" என்றார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யார் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன். இருபது வருஷமாகப் பெண்களின் மனசை எழுதிப் பேர் வாங்கிய கை இது. ஒரு கெட்டியப்பனைத் தேடி ஊர் முழுவதும் கண்ணை ஓட்டினேன். அப்படி ஒருவனும் இல்லை. அண்ணியின் பயந்தான் இருந்தது. என் பக்கத்தில்? இரண்டு முறை தோற்றவனின் வீம்பு இருந்தது. போட்ட பணத்தை விட்டுவிட்டு வர மனசில்லாத சூதாடியின் வீம்பு. நான் அதை 'விவசாயம் தெரிந்தவன் செய்கிற முடிவு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் பேச்சில்லாமல் போயிற்று. பிறகு பிரித்துக்கொண்டோம். என் பங்கை மட்டும் அடமானம் வைத்து மூன்றாவது குழியைப் போட்டேன். எழுநூற்றைம்பது அடியில் ஒன்றரை அங்குலத் தண்ணீர் வந்தது.

ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "பொறுத்திருந்தா அந்தம்மாளுக்கும் பாதித் தண்ணியாச்சே" என்றார்கள். தண்ணீர் வந்ததால் நான் புத்திசாலி, அண்ணி அவசரக்காரி. புழுதி பறந்திருந்தால் இரண்டு பட்டங்களும் இடம் மாறியிருக்கும். ஆனால் நாங்கள் தீர்மானித்த அன்று இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த அறியாமையில், குழந்தையின் பூமியைப் பணயம் வைக்க மறுத்தவர் சரியாகத் தீர்மானித்தார். தண்ணீர் வந்த பிறகும் அது சரியான தீர்மானந்தான்.

நாகம்மாளுக்கும் நாம் செய்வது இதே அநியாயம். கடைசிப் பக்கத்தில் விழுகிற அடியைப் பார்த்துவிட்டு, அந்த இரத்தத்தைத் தொட்டு முதல் பக்கம் வரையில் தீர்ப்பு எழுதுகிறோம். கெட்டியப்பனின் கை அன்று ஓங்காமல் இருந்திருந்தால், பஞ்சாயத்தில் பாகம் பிரிந்திருந்தால், அவளைத் தைரியசாலி என்று சொல்லியிருப்போம். அவளுடைய தீர்மானம் இரண்டு கதைகளிலும் ஒன்றே.

இதே கொங்கு மண்ணில் பின்னால் வந்த ஒரு நாவலாசிரியர் இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் பொன்னாளும் ஒரு தீர்மானத்துக்கு வருகிறாள். கணவன் சம்மதித்துவிட்டான் என்று சொல்லப்பட்டதை நம்பித் திருவிழாவுக்குப் போகிறாள். அவளை நடத்துவது பயமோ கோபமோ அல்ல, ஆசையும் நம்பிக்கையும். ஆனால் நாகம்மாளைப் போலவே அவளுக்கும் வேண்டிய செய்தி ஆண்களின் கையில் இருக்கிறது. அவள் கைக்கு வருவது பொய். அந்த நாவலுக்கு ஆசிரியர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். 'ஆலவாயன்' நாவலில் கணவன் காளி இறந்துவிடுகிறான். 'அர்த்தநாரி'யில் உயிரோடு இருக்கிறான். ஒரே இரவு, ஒரே தீர்மானம், இரண்டு விளைவுகள். விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொன்னாளுக்குத் தீர்ப்புச் சொல்வார்கள்?

ஷண்முகசுந்தரத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். நாகம்மாளின் பயத்துக்கு அவர் இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம். கோபத்தை ஊரே பார்க்கும்படி காட்டுகிறார். பயத்தை நாம் ஊகித்துக்கொள்ள விடுகிறார். அதனால்தான் எண்பது வருஷங்களுக்குப் பிறகும் ஒரு கூட்டத்தில் முப்பது பேர் அவளை ஆத்திரக்காரி என்று மட்டும் படித்துவிட்டு எழுந்து போக முடிகிறது. ஆனால் அவளுக்காக வாதாடாமலும் அவளைப் பழிக்காமலும் நின்ற நிதானம் இருபத்தைந்து வயது எழுத்தாளனுக்கு லேசில் கைவருவதல்ல. குறையும் நிறையும் ஒரே சுபாவத்திலிருந்து வந்தவை என்று விட்டுவிடலாம்.

கூட்டம் முடிந்த மறு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். என் குழாயிலிருந்து அண்ணியின் பாத்திக்கும் தண்ணீர் போகிறது, முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணி மடை மாற்றிக்கொண்டிருந்தார். "கோயமுத்தூருல என்ன பேசினீங்க தம்பி?" என்று கேட்டார். வரப்பில் உட்கார்ந்து நாகம்மாள் கதையைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கொலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் பத்திரத்தைப் படிச்சுக் காட்டினாங்களாங்க?" என்றார்.

"இல்லீங்க அண்ணி" என்றேன்.

அண்ணி குனிந்து அடுத்த மடையைத் திறந்துவிட்டார்.